கார்டுகள் எங்களிடம் இருக்கின்றன, வேலை கொடுங்கள்: தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் கணினியைக் கொண்டு ஆய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். எங்கள் வீடுகளில் ஓடும் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு, அதாவது கணினித் திரைக்குப் படம் வரையவும் ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குப் போடவும் வல்ல அட்டைகளுக்கு, நம் ஊர் ஆய்வு வேலை கொடுங்கள். கூலி வேண்டாம். கரண்ட் பில்லும் எங்களுடையதே.

நான் இருப்பது உடுமலைப்பேட்டையில். மாடி அறையில் ஒரு இரும்புச் சட்டத்தில் ஆறு கார்டுகள் மாட்டியிருக்கிறேன். சில விளையாட்டுக்காக வாங்கியவை. மற்றவை கிரிப்டோ மைனிங் செய்தவர்கள் கைவிட்டவை. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்னும் கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டில் கணக்குப் போட்டுத் தன் நாணயத்தைத் தோண்டும் வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு பழைய கார்டுகள் மலிவாகக் கிடைத்தன. தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, சத்தம் போட்ட ஃபேன்களைக் கழற்றிப் புதிது போட்டு ஓட விட்டேன். அவை இப்போது பணம் எதுவும் சம்பாதிப்பதில்லை. இரண்டு மூன்று கார்டுகள் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்துக்குப் புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடுகின்றன. மற்றவை ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்துக்காக வானொலித் தொலைநோக்கித் தரவுகளில் துடிவிண்மீன்களை, அதாவது வேகமாகச் சுழன்று சீரான துடிப்பை அனுப்பும் விண்மீன்களை, தேடுகின்றன. இரண்டும் தன்னார்வலர்களின் கணினிகளுக்கு இணையம் வழியே ஆய்வுக் கணக்கை அனுப்பும் திட்டங்கள். முதல் திட்டத்தின் தலைமையிடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். இரண்டாவதை ஜெர்மனியின் ஹனோவர் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகின்றன. இரண்டும் நல்ல திட்டங்கள், இரண்டிலும் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனால் என் பட்டியலில் சென்னையோ மதுரையோ கோவையோ இல்லை. அதுதான் என் மனத்தை அரிக்கிறது.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். ஒரு கொசுவழி நோயின் வைரஸ் புரதத்தில் எந்தச் சேர்மம் போய் ஒட்டும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. துறையில் இருக்கும் சர்வரில் இடம் கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும். அதனால் பாதி வேலையைத் தன் லேப்டாப்பிலேயே ஓட்டுகிறாள். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அதை மூடாமல் மேசையில் வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தாள். யாரும் தொடக்கூடாது என்று குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மூடினால் கணக்கு நின்றுவிடுமாம். அவள் தலைக்கு மேலே, மாடியில், அந்த லேப்டாப்பைப் போலப் பல மடங்கு வேகமுள்ள ஆறு கார்டுகள் வேறொரு கண்டத்துக்காக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை அவளுக்குத் திருப்பிவிட எனக்கு வழியில்லை. ஒரு கார்டை அவளிடம் தூக்கிக் கொடுக்கலாம்தான், ஆனால் அது ஒருத்தியின் சிக்கலோடு நின்றுபோகும். அவளைப் போன்றவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வழி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1999 மே மாதம் தொடங்கிய, வேற்றுக்கிரக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் திட்டத்திலிருந்து வளர்ந்தது பாயிங்க் என்னும் மென்பொருள். இலவசம், மூல நிரலும் திறந்தது. ஒரு லினக்ஸ் சர்வர், ஒரு தரவுத்தளம், ஒரு வலைத்தளம், அதைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும். பெரிய கணக்கைச் சிறு துண்டுகளாக, நாங்கள் வொர்க் யூனிட் என்று சொல்பவையாக, வெட்டி அனுப்புகிறது. எங்கள் கணினிகள் கணக்கிட்டுத் திருப்பி அனுப்புகின்றன. எவனோ ஒருவன் வீட்டில் போட்ட கணக்கை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால் மட்டும் ஏற்கும் முறை அதிலேயே இருக்கிறது. கார்டுக்குக் கார்டு கடைசி இலக்கங்களில் சின்ன வித்தியாசம் வரும், அதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை நீங்களே எழுதி வைக்கலாம்.

கிடைத்த பலனுக்கு ஒரு சான்று சொல்கிறேன். 2010இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் தன் முதல் புதிய துடிவிண்மீனைக் கண்டுபிடித்தது. நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் விண்மீன் அது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்த அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிந்த தரவில் ஒளிந்திருந்ததை வெளிக்காட்டியவை, அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடைய கணினியும். அவர்கள் பெயர்களை ஆய்வாளர்கள் உலகத்துக்கே அறிவித்தார்கள். ஊட்டியில் 1970 முதல் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் நிற்கும் வானொலித் தொலைநோக்கியும் துடிவிண்மீன்களைப் பார்த்து வந்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நீலகிரி ஒன்றும் வெகுதூரமில்லை. அந்தத் தரவின் ஒரு துண்டு என்றாவது என் மாடிக்கு வருமா?

புரத ஆய்வுக்கு வந்தால் என் ஆதங்கம் இன்னும் அதிகமாகிறது. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கார்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளால் முறுக்கப்பட்டது என்று சொன்னார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடத்தை இன்றும் உலகில் எந்தப் புரத அமைப்பைச் சரிபார்க்கவும் பயன்படுத்துகிறார்கள். சங்கிலியின் எந்தத் திருப்பங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாது என்பதைக் காட்டும் வரைபடம். என் கார்டுகள் ஃபோல்டிங்குக்காகக் கணக்கிடும் ஒவ்வொரு புரதச் சங்கிலியின் முறுக்கையும் அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். கிண்டியிலிருந்து உலகத்துக்குப் போன அறிவு அது. புரதக் கணக்குக்கு நம் வீட்டுக் கார்டு வெளிநாட்டு வேலைக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

'கார்டு கிடைக்குமா, ஆள் சேருமா' என்ற கவலையே வேண்டாம். 2020இல் கோவிட் வந்தபோது ஃபோல்டிங்கில் லட்சக்கணக்கானவர்கள் சில வாரங்களில் வந்து சேர்ந்தார்கள். மொத்த வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பை (நொடிக்கு, ஒன்றுக்குப் பின் 18 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் கணக்குகள்) தாண்டியது, அன்றைய எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் தொடாத வேகம். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? துண்டுகள் தீர்ந்துபோயின. சர்வர்களால் அந்த வேகத்துக்கு வேலை வெட்டிக் கொடுக்க முடியவில்லை, கார்டுகள் சும்மா காத்திருந்தன. பஞ்சம் கார்டுக்கு இல்லை, வேலைக்குத்தான். அந்தக் கணக்குகளிலிருந்து, வைரஸின் ஸ்பைக் புரதம் எப்படி வாய் திறக்கிறது என்பதைக் காட்டும் ஆய்வுக்கட்டுரை 2021இல் வந்தது.

இனி எங்கள் பக்கத்து நிலைமையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு டேட்டா சென்டர் அல்ல.

முதலில் கரண்ட். ஒரு கிலோவாட் இழுக்கும் ரிக், அதாவது பல கார்டுகள் மாட்டிய கணினி, இடைவிடாமல் ஓடினால் நாளைக்கு 24 யூனிட், இரண்டு மாத ரீடிங்கில் 1,440 யூனிட். 2024 ஜூலைக் கட்டணப்படி 1,000 யூனிட்டைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் 11 ரூபாய் 80 காசு. அந்தக் கட்டணத்தில் வீட்டுக்கான உச்ச விகிதம் அது. ஆகவே நாங்கள் கார்டை முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. பவர் லிமிட்டை எழுபது சதவீதத்துக்கு இறக்கினால் என் கார்டுகளில் வேகம் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை, சூடும் சத்தமும் நன்றாகத் தணிகின்றன. குளிர்நாட்டுத் தன்னார்வலர் கார்டின் வெப்பத்தில் அறையைச் சூடேற்றிக்கொள்கிறார், ஹீட்டர் செலவு மிச்சம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. இழுத்த கரண்ட் முழுவதும் வெப்பமாகி அறையில் நிற்கிறது, அதை வெளியேற்ற ஏசி போட்டால் இன்னொரு பில். கத்திரி வெயிலில் நான் இரண்டு கார்டுக்கு மேல் போடுவதில்லை. அதுவும் ராத்திரியில் மட்டும்.

ஆனி, ஆடி வந்தால் கதையே மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்து வரும். மாடி அறையின் இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்தால் போதும், ஆறு கார்டும் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடும். அதே காற்றில்தான் எங்களைச் சுற்றியுள்ள காற்றாலைகளும் சுழல்கின்றன. தமிழ்நாட்டு மின்சாரத்தில் காற்றின் பங்கு கூடும் மாதங்கள் அவை. பெரிய கணக்குகளை ஜூன் முதல் செப்டம்பர் வரை வைத்துக்கொள்ளும் ஒரு திட்டத்தை நம் ஊர் ஆட்களால்தான் யோசிக்க முடியும். ஹனோவரில் இருப்பவருக்கு ஆடிக் காற்று எதற்கு நினைவுக்கு வரப்போகிறது?

கரண்ட் கட்டும் வரும், வோல்டேஜும் இறங்கும். இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும் ஓடும், ரிக் ஓடாது. ஆகவே நீங்கள் எழுதும் நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் நிலையைச் சேமித்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறு சதவீதம் முடிந்த துண்டு கரண்ட் போய் வந்ததும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், எரிந்த கரண்ட் அத்தனையும் வீண். தன்னார்வலர் ஒருவரை ஒரே வாரத்தில் விலக வைக்க வேறு எதுவும் தேவையில்லை.

கார்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருப்பவற்றில் பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு ஜிபி நினைவகம்தான். விளையாட்டுக் கார்டுகள் ஒற்றைத் துல்லியக் கணக்கில், அதாவது குறைந்த இலக்கங்களோடு போடும் கணக்கில், சிங்கம். ஆனால் கூடுதல் இலக்கங்களைக் கையாளும் இரட்டைத் துல்லியத்துக்குப் போனால் என்விடியாவின் சமீபத்திய தலைமுறைகளில் வேகம் 64இல் ஒரு பங்காகிவிடும், அதற்கு முந்தைய தலைமுறைகளில் 32இல் ஒரு பங்கு. தேவையான இடத்தில் மட்டும் இரட்டைத் துல்லியத்தை வையுங்கள். மைனிங் ரிக்கிலிருந்து வந்த கார்டுகள் பல, யூஎஸ்பி கேபிள் போலத் தெரியும் ஒற்றை லேன் ரைசரில், அதாவது கார்டை மதர்போர்டோடு ஒரே ஒரு தரவுப் பாதையில் இணைக்கும் நீட்டிப்பில், தொங்குகின்றன. மதர்போர்டுக்கும் கார்டுக்கும் இடையே தரவு அடிக்கடி போய் வந்தால் கார்டு பாதி நேரம் வெறுமனே காத்திருக்கும். கணக்கைக் கார்டுக்குள்ளேயே முடித்துவிட்டு விடையை மட்டும் வெளியே எடுங்கள். மருந்து மூலக்கூறுகளைப் புரதத்தில் பொருத்திப் பார்க்கும் வேலை இதற்கு அளவெடுத்தது போல் பொருந்தும். வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற இன்னொரு தன்னார்வலர் திட்டம் 2021இல், இந்தப் பொருத்திப் பார்க்கும் வேலையைச் செய்யும் ஆட்டோடாக் மென்பொருளின் கார்டு வடிவத்தை இப்படித்தான் வீடுகளுக்கு அனுப்பியது. நிலவேம்பு பற்றியும் நம் சித்த மருந்துகளின் சேர்மங்கள் பற்றியும் இங்கே எத்தனை துறைகளில் இதே வேலை சிறு அளவில் நடக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். கணக்கு மட்டும் போதாது, சோதனைக்கூடத்தில் நிரூபிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எதை முதலில் சோதிப்பது என்பதைச் சுருக்கித் தருவதுதான் எங்கள் பங்கு.

பெரிய கட்டடத்தில்தான் பெரிய மருத்துவம் நடக்கும் என்ற எண்ணத்தை மாற்றிய ஊர் சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்ததற்கு இணையாகக் குணமாகிறது என்று 1959இல் காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுப் பக்கம் திரும்ப அந்த ஆய்வு பெரிய காரணம். அந்த மையம் இன்றும் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனமாக இயங்குகிறது. அந்த நிறுவனமும் இந்த மடலைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கூலி வேண்டாம் என்றேன். ஆனால் சில உறுதிகள் வேண்டும். எங்கள் கரண்டில் பிறந்த விடைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், ஒரு கம்பெனியின் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்படக்கூடாது. எதைத் தேடுகிறோம், எதுவரை வந்தோம், எது தோற்றது என்பதை அவ்வப்போது தமிழில் எழுதுங்கள். தோல்வியையும் சொல்லுங்கள், அதற்காக யாரும் விலக மாட்டோம். திட்டத்தை நிறுத்தும் நிலை வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 முதல் புதிய வேலை அனுப்புவதில்லை என்று மாதத் தொடக்கத்திலேயே அறிவித்து, காரணத்தையும் விளக்கியது. இருபது வருடம் கூட வந்தவர்கள் மரியாதையோடு விடைபெற முடிந்தது. மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் சர்வர் அனாதையாகும் திட்டம் மட்டும் வேண்டாம். பொறுப்பைத் துறை ஏற்க வேண்டும்.

நீங்கள் ஒரே நாளில் பெரிய திட்டம் தொடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு துறை, ஒரு சிக்கல், சோதனைக்குக் கொஞ்சம் துண்டுகள், அவ்வளவுதான். எந்தக் கார்டில் ஓடுகிறது, எதில் முறிகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதைப் பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்து அளந்து எழுதித் தர நான் தயார். கோவை, திருப்பூர்ப் பக்கம் ரிக் வைத்திருக்கும் நண்பர்கள் சிலரும் தயாராக இருக்கிறார்கள். சர்வரை நிறுவ உதவக்கூடிய லினக்ஸ் தெரிந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆனி மாதத்துக்குள் சோதனைத் துண்டுகள் வந்துவிட்டால் இந்த வருடக் காற்றுக் காலத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு கணிமைத் தன்னார்வலர்