நான்கு அலைகளை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்

தமிழில் அறிவியல் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஈர்ப்பு அலை, அதாவது கனமான பொருள்கள் மோதும்போது அண்டவெளியையே லேசாக நெளியவைத்துப் பரவும் அலை, பற்றிச் செய்தி வந்தாலே "இரண்டு கருந்துளைகள் மோதின" என்றுதான் தொடங்குகிறோம். பெரும்பாலும் அது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2019 மே 21 அன்று லைகோ, விர்கோ என்ற ஈர்ப்பு அலை ஆய்வுக்கூடங்கள் பிடித்த சிக்னலையும் அதே வரியோடு முடித்துவிடுவது மனதை உறுத்துகிறது.

அந்தச் சிக்னல் நீடித்தது ஏறக்குறைய 0.1 நொடி. அதற்குள் சுமார் நான்கு அலைகள், அவ்வளவுதான். வழக்கமாகக் கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கும்போது அலையின் சுருதி ஏறிக்கொண்டே போகும், எடைக் கணக்குக்கு அந்த ஏற்றம் பெரிய துணை. இங்கே அந்தப் பகுதி கிட்டத்தட்ட இல்லவே இல்லை, இணையும்போது எழும் கடைசி அதிர்வு மட்டும்தான் கிடைத்தது. அதை வைத்துப் போட்ட கணக்கில், சூரியனைப் போல் 85 மடங்கும் 66 மடங்கும் எடையுள்ள இரண்டு கருந்துளைகள் சேர்ந்து 142 மடங்குள்ள ஒன்றாகின. அந்த 85தான் இடிக்கிறது. சுமார் 65 முதல் 120 மடங்கு வரை எடையுள்ள கருந்துளை ஒற்றை விண்மீனின் சாவில் பிறக்க முடியாது, அவ்வளவு பெரிய விண்மீன் எதையும் மிச்சம் வைக்காமல் வெடித்துச் சிதறிவிடும் என்பது கோட்பாடு. சின்னக் கருந்துளைகள் முன்பே இணைந்து வளர்ந்த ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம்.

சரி, 2021ல் இயற்பியலாளர்கள் ஹுவான் கால்டெரோன் புஸ்தியோ, நிக்கோலஸ் சான்சிஸ் குவால் குழுவினர் சொன்னதை நம்மில் எத்தனை பேர் எழுதினோம்? மோதியவை கருந்துளைகளே அல்ல, நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இரண்டு போசான் விண்மீன்களாக இருக்கலாம் என்றார்கள். நேராக முட்டினால் சுற்றி நெருங்கும் கட்டம் இருக்காது, சிக்னல் சுருக்கமாக இருப்பதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது. முட்டியபின் பிறப்பது கருந்துளைதான், அதனால் கடைசி அதிர்வும் பொருந்துகிறது. அவர்கள் கணக்கில் இந்த விளக்கம் கொஞ்சம் முந்தியே நின்றது. கொஞ்சம்தான், நிரூபணம் அல்ல. இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

போசான் விண்மீன் என்பது என்ன அழகான கற்பனை! 1968லிருந்து கணக்கில் மட்டுமே வாழ்கிறது. போசான் வகையைச் சேர்ந்த மிக மிக லேசான துகள்கள் கோடானுகோடியாக ஒரே நிலையில் ஒன்றுகூடித் தம் ஈர்ப்பாலேயே கட்டுண்டு கிடக்கும். குவாண்டம் இயல்பு அவற்றைப் பரவச் சொல்லும், ஈர்ப்பு இழுத்துப் பிடிக்கும். கெட்டியான மேற்பரப்பு கிடையாது, கருந்துளைபோல ஒளியைச் சிறைப்பிடிக்கும் எல்லையும் கிடையாது. அந்தக் குழு சொன்ன துகள் எலக்ட்ரானைவிடச் சுமார் 6,000 கோடி கோடி மடங்கு எடை குறைந்தது. அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருள் என்னவென்ற கேள்விக்கே அது விடையாகலாம்.

2023 நவம்பர் 23 அன்று இதைவிடக் கனமான, இதேபோல் நொடியில் பத்தில் ஒரு பங்கே நீடித்த இன்னொரு சிக்னல் வந்தது. இனியும் வரும். அப்போது தலைப்பில் கருந்துளை என்றே போடுங்கள், ஆனால் எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். அப்புறம், ஓவியர் வரைந்த கருந்துளைப் படத்தோடு அந்த அலைவடிவத்தையும் அச்சிடுங்கள், தரவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும், எத்தனை அலை இருக்கிறதென்று.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்