நெறி கட்டியிருக்குன்னுதான் நினைச்சேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"அக்குளை அறுத்துட்டு மார்பை ஏன் விட்டு வச்சாங்க?" என்று போனில் கத்தினாய். அப்பா பக்கத்தில் நின்றார், எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பங்குனியில் உளுந்து பறிக்கும்போது வலது கையில் முள் குத்தியது. அக்குளில் புளியங்கொட்டை அளவுக்குத் தட்டுப்பட்டதும், நெறி கட்டியிருக்கு என்று விட்டுவிட்டேன். முள் குத்தின இடம் ஆறியது, நெறி வற்றவில்லை. வலித்திருந்தால் அப்போதே போயிருப்பேன். இங்கே ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தே ஒரு மாதத்தை ஓட்டினார்.

தஞ்சாவூரில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அந்தச் சதைக்குச் சாயம் ஏற்றிப் பார்த்ததில் மார்பிலிருந்து வந்த புற்றுநோய் என்று தெரிந்தது. ஆனால் மேமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரேயிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் மார்பில் ஒன்றுமே இல்லை! மேல்மடையில் எந்த வயலில் விதை விழுந்ததோ, வாய்க்கால் ஓரத்தில் முளைத்து நிற்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்த நூறு பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகமாம். 1907-லேயே ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க டாக்டர் இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம்.

முன்பெல்லாம் மார்பை எடுத்துவிடுவார்களாம். எடுத்து நறுக்கிப் பார்த்தும் சிலருக்குக் கட்டி அகப்படாதாம். இப்போது அக்குளில் நெறி கட்டுகிற நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டு, மார்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுக்கும் வழியும் இருக்கிறது. இரண்டும் செய்யாமல் மார்பை அப்படியே விடுவதுதான் ஆபத்து, திரும்ப வரும் என்றார் டாக்டர். இரண்டு வழியையும் சொல்லி என்னையே முடிவெடுக்கச் சொன்னார். மார்பை வைத்துக்கொள்கிறேன் என்றேன். "இந்த வயசுல அழகுக்கா?" என்றாள் உன் சித்தி. ஆமாம், அதுவும்தான்.

16 முடிச்சு எடுத்ததில் 3-ல் புற்று இருந்தது. நீர் வடிய வைத்திருந்த டியூபைப் பத்தாம் நாள் எடுத்துவிட்டார்கள். கையைத் தூக்கிப் பழக, தினமும் சுவரில் விரலால் ஏணி ஏறுகிறேன். தோளுக்கு மேல் இன்னும் இழுக்கிறது. கை வீங்காமல் இருக்க, அந்தக் கையில் பி.பி. பார்க்க விடுவதில்லை. அடுத்த வாரம் கீமோ, அது முடிந்து கதிர்வீச்சு.

உனக்கும் நாற்பது நெருங்குகிறது. அம்மாவுக்கு இப்படி என்று அங்கே உன் டாக்டரிடம் சொல். வெட்கப்படாதே.

பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்குக்கு வந்தால் குடத்தை நீதான் தூக்க வேண்டும்.

அம்மா
மன்னார்குடி, ஆடி 3