டிரையர் பழுதும் தேவையற்ற செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில், மாடிக் கொடியில் துணி காயாத மாதங்களுக்காகவே பலர் துணி உலர்த்தும் இயந்திரமான டிரையரை வாங்குகின்றனர். துணி சுழலும் டிரம் நன்றாகச் சூடாகியும் துணி ஈரமாகவே இருந்தால், ஈரக்காற்று வெளியேறும் வழி அடைபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அதைப் பாராமலேயே பழுதுபார்ப்போர் ஹீட்டரை மாற்றச் சொல்வது நியாயமன்று. அவ்வழியில் துணியின் பஞ்சைப் பிடிக்கும் வடிகட்டியைக் கழற்றித் தண்ணீர்க் குழாயின் கீழ்ப் பிடிக்கும்போது நீர் இறங்காமல் தேங்கி நின்றால், துணியை மென்மையாக்கும் பொருள்களின் படலம் அதில் படிந்துள்ளது என்று பொருள். சோப்பு நீரில் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, உலர்ந்தபின் மாட்டலாம். சுவரோடு நசுங்கிய வெளியேற்றுக் குழாயையும் பார்க்க வேண்டும். தேங்கும் பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதால், இவற்றை விற்பனையாளர்கள் இயந்திரத்தைப் பொருத்தும் நாளிலேயே வீட்டாருக்குச் செய்து காட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை