கொல்லிமலை ஏற்றத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கடந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் சைக்கிள் குழு நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்குப் போய்த் திரும்பியது. எல்லாரும் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டார்கள். குழுவில் பாதிப் பேருக்கு இதுதான் முதல் மலையேற்றம். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டித் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தவர்கள், தங்கள் நேரத்தைச் செயலியில் போட்டு வாழ்த்தும் வாங்கிவிட்டார்கள். அந்த வாழ்த்தில் பங்கு சேர வேண்டியவர்கள் மலையிலும் அடிவாரத்திலும் நிறைய இருக்கிறார்கள். பெயரெல்லாம் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால், அவர்கள் செய்ததைச் சொல்லி நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி பேருந்து ஓட்டுநர்களுக்கு. இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பக் கிட்டத்தட்ட முழுச் சாலையும் வேண்டும். ஏறும்போது நின்றுவிட்டால், அந்தச் சரிவில் ஆட்களோடும் மூட்டைகளோடும் வண்டியை மறுபடி நகர்த்துவது எவ்வளவு பாடு என்று ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். சைக்கிளுக்கும் அதே வளைவுகளில்தான் சோதனை. இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமது ஓரமே உள்பக்கமாகிவிடும். சரிவு அங்கேதான் மிகக் கடுமை. எவ்வளவு சின்ன கியர் போட்டாலும் புதியவர்கள் அங்கே மிதிக்க முடியாமல் தள்ளாடி, சாலையின் நடுவுக்கு வந்துவிடுவார்கள். இதை எங்கள் ஓட்டுநர்கள் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்கள். வளைவுக்குக் கீழேயே பேருந்தை நிறுத்தி, எங்கள் ஆட்கள் திரும்பி முடிக்கும் வரை காத்திருந்தார்கள். பின்னாலிருந்து ஹாரன் அடித்து யாரையும் பதற வைக்கவில்லை. ஒரு நடத்துநர் படியில் நின்றபடி, "பொறுமையாப் போங்க தம்பி, நாங்க நிக்கறோம்" என்று சொன்னதைக் கேட்டு, இறங்கித் தள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் இறங்காமலே அந்த வளைவை முடித்தார். பேருந்தில் இருந்த பயணிகளுக்கும் வீடு, சந்தை, ஆஸ்பத்திரி என்று அவசரம் இருந்திருக்கும். எங்களால் தாமதமான ஒவ்வொருவருக்கும் நன்றி.

அடிவாரச் சோதனைச் சாவடி ஊழியர்கள் எங்களை நிறுத்தி, குரங்குக்கு எதுவும் போடக் கூடாது, பிளாஸ்டிக் உறை ஒன்றுகூட மலையில் விழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அந்தக் கண்டிப்பு சரியானது. வளைவுத் தடுப்புச் சுவர்களில் குரங்குகள் பொட்டலத்துக்காகக் காத்து உட்கார்ந்திருப்பது, இதற்கு முன் வந்துபோனவர்கள் பழக்கிவிட்டது. காலியான குளுக்கோஸ் உறைகள் அத்தனையையும் சட்டைப் பையில் திரும்பக் கொண்டுவந்த குழுவினருக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

எங்களோடு வேன் ஓட்டி வந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைக்கிளுக்குப் பின்னாலேயே மலையில் ஊர்ந்தால் கிளட்ச் தேய்ந்து நாற்றம் வந்துவிடும். அதனால் அவர் இரண்டு வளைவு முன்னே போய் நிற்பார். கடைசி ஆள் கடந்த பிறகு மறுபடி முன்னே போவார். நாள் முழுவதும் இப்படித்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரத்துக்குக் கல் வைத்து, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு தாமே இறங்கி வந்தார். வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்லி அவர் ஒருவரையும் முந்திக்கொண்டு கேட்கவில்லை. முடியாதவர் தாமே வந்து கேட்டபோது, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை மேலே ஏற்றிக் கட்டினார். மலையேற்றத்தில் தோற்றுப்போனதாக நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

கூட வந்த மருத்துவருக்கும் நன்றி. வெயில் ஏற ஏற வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தவர்களை நிறுத்தி, உப்புக் கரைசலும் உப்புப் போட்ட மோரும் குடிக்க வைத்தார். வியர்வையில் போகும் உப்பு திரும்பச் சேராமல் வயிறு நிறையத் தண்ணீர் மட்டும் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், தலைவலியும் குமட்டலும் வரும் என்று அவர் பொறுமையாக விளக்கியது பலருக்கும் புதிய செய்தி. அந்த மோர், வளைவோரக் கடை அம்மா கொடுத்தது. ஒரு கூட்டமே வந்து இறங்கியதும் இருந்த பானை காலியாகிவிட்டது. வீட்டுக்கு ஆள் அனுப்பித் தயிர் வரவழைத்து மறுபடி கரைத்தார். பணத்தை எடுத்தால், "மொதல்ல மேல போய்ச் சேருங்க சாமி, எறங்கறப்ப குடுங்க" என்றார். யார், எவர் என்று தெரியாதவர்களை அவர் அப்படி நம்பினார்.

சோளக்காட்டுக்குச் சற்று முன்னால் எங்கள் உறுப்பினரான பள்ளி ஆசிரியை சறுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் சைக்கிள் கியர் பக்கமாக விழுந்ததில், பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு உள்நோக்கி வளைந்துவிட்டது. சங்கிலியிலும் ஒரு கண்ணி கோணிவிட்டது. அந்த நிலையில் ஏற்றத்துக்குரிய கியரைப் போட்டால் கியர்ப் பகுதி சக்கரக் கம்பியில் சிக்கி எல்லாம் முறிந்துவிடும். வேனில் ஏற்றிச் செம்மேட்டில் ஒரு இருசக்கர வாகனப் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

பட்டறைக்கார ஐயா, கியர் சைக்கிள் அதிகம் கைவைத்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு பெடலைச் சுற்றச் சொல்லி, பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சங்கிலி ஓடும் கோடும், கீழே தொங்கும் இரண்டு சின்னச் சக்கரங்களும் ஒரே நேரில் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். ஸ்பேனரால் பிடித்து ஒரே இழுப்பில் நிமிர்த்தவில்லை. அலுமினியத்தை அப்படியும் இப்படியும் வளைத்தால் முறிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மயிரிழை மயிரிழையாக ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு தடவையும் பின்னால் போய்ப் பார்த்தார். கோணிய கண்ணியைக் கழற்ற எங்களிடமிருந்த சங்கிலிக் கருவியைக் கொடுத்தோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேலையை முடித்தார். கடைசியாக, "பெரிய பல்லுக்கு மட்டும் போவாதீங்கம்மா, கம்பில மாட்டும்" என்று சொன்னதோடு விடாமல், சங்கிலி அந்தப் பல்சக்கரத்துக்கு ஏறவே முடியாதபடி சின்ன ஸ்க்ரூவையும் திருகிவிட்டார். ஆசிரியை மறுநாள் அதே சைக்கிளில்தான் இறங்கினார். கூலி எவ்வளவு கேட்டும் அவர் சொல்லவில்லை.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலைக்குப் பக்கத்தில் நின்று குழுவாகப் படம் எடுத்துக்கொண்டோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆண்ட மலை இது என்று பள்ளியில் படித்ததுதான். சனிக்கிழமை மாலை அங்கே நின்றபோது அது எனக்குப் பாடமாகத் தோன்றவில்லை.

இரவு தங்க இடமும், சாமைச் சோறும் மிளகு ரசமும் தந்த குடும்பத்தாருக்கு நன்றி. ஞாயிறு காலை அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனோம். அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். சைக்கிள் காலணியின் அடியில் பெடலில் மாட்டும் கட்டை இருக்கும். ஈரப் படியில் அதோடு இறங்குவது ஆபத்து. கோயிலருகே கடை வைத்திருக்கும் அக்கா, தம் வீட்டுச் செருப்பும் பக்கத்துக் கடைச் செருப்புமாகச் சேர்த்துக் கொடுத்து, நாங்கள் திரும்பும் வரை சைக்கிள்களையும் பார்த்துக்கொண்டார்.

இறக்கத்தைக் கட்டுக்குள் வைத்த மூத்த உறுப்பினர்களுக்குத் தனி நன்றி. மலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதை ஒவ்வொருவர் காதிலும் போட்டார்கள். பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும் என்பதால், பத்து வளைவுக்கு ஒருமுறை எல்லாரையும் நிறுத்தி ஆறவைத்தார்கள். வேகமாக இறங்கத் துடித்த இளைஞர்கள் முகம் சுளித்தும் அவர்கள் அசையவில்லை. இரண்டு நாளில் எனக்கு மிகவும் நிம்மதி தந்தது அந்தப் பிடிவாதம்.

மோர்க்கடை அம்மாவின் கணக்கை ஞாயிறு இறங்கும்போதே தீர்த்துவிட்டோம். பட்டறைக்கார ஐயாவுக்கு ஒரு சங்கிலிக் கருவியும், சில இணைப்புக் கண்ணிகளும், இரண்டு மூன்று வகைக் கியர்த் தாங்கித் துண்டுகளும் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் செம்மேடு போகும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறோம். இனி அந்த மலைக்குப் போகும் சைக்கிள்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அவரிடம் வேலை கொடுத்தால், அவர் வேண்டாம் என்றாலும் கூலியை வைத்துவிட்டு வாருங்கள்.

மிகுந்த நன்றியுடன்,
பயண ஒருங்கிணைப்பாளர்,
சைக்கிள் குழுவினர் அனைவரின் சார்பாக,
நாமக்கல்