ஸ்கோர் கார்டில் வலி தெரியாது

அன்புள்ள முகிலனுக்கு,

தோள் வலியோடேயே போன மேட்சிலும் பந்து வீசினாயாம், அம்மா சொன்னாள். "நாலு விக்கெட் எடுத்தேன், தோள் நன்றாகத்தான் இருக்கிறது" என்றாயாம். போனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஊர் பேஸ்பால் அணி பாஸ்டன் ரெட் சாக்ஸில் ஜோ வுட் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், இருந்தார். நீ படம் அனுப்பினாயே ஃபென்வே பார்க், அந்த அணியின் மைதானம், அது திறந்த 1912-இல் அவருக்கு வயது 22. அந்த ஒரு சீசனில் பிட்சராக அவர் கணக்கில் 34 வெற்றி, 5 தோல்வி. செப்டம்பரில் வாஷிங்டன் அணியின் வால்டர் ஜான்சனும் அவரும் அங்கே மோதினார்கள். வேகத்தில் ஜான்சனை மிஞ்ச ஆளில்லை என்றிருந்த காலம். கேலரி கொள்ளாமல் கூட்டம் மைதானத்துக்குள்ளேயே இறங்கி நின்றது. 1-0 என்று வுட் ஜெயித்தார்.

1913-இல் ஈரப் புல்லில் பந்தை எடுக்கப் போய் வழுக்கி விழுந்தார். வலது கைக் கட்டைவிரல் முறிந்தது. விரல் கூடிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு தோள் வலி இல்லாமல் அவரால் பந்து வீசவே முடியவில்லை. அவசரப்பட்டு இறங்கிவிட்டோமோ என்று பிற்காலத்தில் அவரே யோசித்திருக்கிறார்.

முகிலா, அவருடைய 1915 கணக்கைப் பார். 15 வெற்றி, 5 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.49 ரன்தான் கொடுத்தார். அந்த லீக்கிலேயே அதுதான் சிறந்தது. இதைப் பார்ப்பவன் கை நன்றாக இருக்கிறது என்றுதானே நினைப்பான்? ஆட்டம் முடிந்தால் அந்தக் கையைத் தூக்க முடியாமல் கிடந்திருக்கிறார் மனிதர். அடுத்த வருஷம் முழுக்க ஆடவே இல்லை. பிட்சராக அவர் வாழ்க்கை 25 வயதோடு ஏறக்குறைய முடிந்துபோனது. உன்னைவிடச் சின்னப் பையன். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் கிளீவ்லாந்து அணிக்குப் போய் அவுட்ஃபீல்டராக, அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் ஃபீல்டிங் செய்பவராக, பேட்டை நம்பி ஆடினார். 1918-இல் நியூயார்க்கில் ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஓர் ஆட்டம் 19 இன்னிங்ஸ் வரை இழுத்தது. அதை முடித்து வைத்தது அவர் அடித்த ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. அன்றைக்கு அவருக்கு அது இரண்டாவது.

நீயும் நன்றாக பேட்டிங் ஆடுவாய். டாக்டர் சம்மதித்தால் இந்த சீசன் அது போதும். கேப்டனிடம் நீயே பேசிவிடு. ஸ்கேன் எடுத்ததும் முதலில் அம்மாவுக்கு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா