சாலையை ஓரத்திலிருந்து அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில் மாநகராட்சிப் பகுதியிலும் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை போன்ற ஊர்களிலும் சாலைகளை அகலப்படுத்துவது, ஆக்கிரமிப்புகளை அகற்றுவது, சந்திப்புகளைச் சீரமைப்பது பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வெளிவருகின்றன. சாலை எத்தனை அடி அகலமாகப் போகிறது என்பது அச்செய்திகளில் தவறாமல் இருக்கிறது. அதில் நடந்து செல்பவருக்கு எத்தனை அடி, சைக்கிளில் செல்பவருக்கு எத்தனை அடி என்பது அநேகமாக இருப்பதில்லை. இது செய்தியாளர்களின் குறையன்று. திட்ட மதிப்பீட்டிலேயே அந்தக் கணக்கு இல்லை என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது. சாலையின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் வாகனங்களுக்கு அளந்து கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் கழிவுநீர் ஓடையைக் கட்டி, ஓடையின் மேல் ஸ்லாபைப் போட்டு, அதையே நடைபாதை என்று அழைக்கும் வழக்கத்தை விட்டு, கடைச் சுவரிலிருந்தும் வீட்டு மதிலிலிருந்தும் அளக்கத் தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த மாவட்டத்துக்கு இது ஏன் பிற மாவட்டங்களைவிட முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 555 பேர் வாழ்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர். எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கு என்பதைவிட, அவர்கள் வாழும் விதம் கவனிக்கத்தக்கது. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர் ஓர் ஊர் முடிந்து வெட்டவெளி வருவதையும், பிறகு அடுத்த ஊர் தொடங்குவதையும் காண்பார். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்குப் போகிறவருக்கு ஓர் ஊர் எங்கே முடிகிறது என்று தெரிவது அரிது. வீடுகளும் பள்ளிகளும் தேவாலயங்களும் கோயில்களும் சாயாக்கடைகளும் சாலையின் இருபுறமும் நெடுக நிற்கின்றன. தேசிய நெடுஞ்சாலை என்று ஆவணத்தில் இருப்பதே இங்கே கடைத்தெரு, அதுவே பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி, அதுவே மாலையில் நாலு பேர் நின்று பேசும் இடம். இப்படிப்பட்ட சாலையை வேகமாகக் கடந்து போவதற்கான வழியாக மட்டும் பார்க்கும் பொறியியல் நம் ஊருக்குப் பொருந்தாது.

ஓடை ஸ்லாப் நடைபாதையைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். ஒரு ஸ்லாப் ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும், அடுத்தது தாழ்ந்திருக்கும், மூன்றாவதன் விளிம்பு உடைந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் மின்கம்பம். அதையும் சுற்றிப் போனால் கடைக்கு வண்டி ஏற்றுவதற்குக் கட்டிய சரிவுத் தளம். பிறகு வரிசையாக இருசக்கர வாகனங்கள். அதற்கப்பால் வேலியிட்ட மின்மாற்றி. நல்ல கால்கள் உள்ளவர் சாலையில் இறங்கி ஏறிக்கொள்வார். கைத்தடி ஊன்றுகிறவரும், சக்கர நாற்காலியில் வருபவரும், இடுப்பில் குழந்தையோடு வருகிற பெண்ணும் முதலிலிருந்தே சாலையில்தான் நடக்கிறார்கள். கொடுத்த நடைபாதையை மக்கள் பயன்படுத்துவதில்லை என்று அலுத்துக்கொள்ளும் அதிகாரிகள் கையில் பால் பாக்கெட்டும் பையுமாக அதில் ஒருமுறை நடந்து பார்க்கலாம். நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நெறி இல்லாமல் இல்லை. சாலை அமைப்புக்கான தரநெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி, தடையேதும் இல்லாத நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்றும், விளிம்புக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. கம்பத்தையும் மின்மாற்றியையும் கழித்த பிறகு மிஞ்ச வேண்டிய அகலம் அது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறி, மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றவாறு நடைபாதைகள் அமைவதற்கான நெறிமுறைகளை வகுக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே இது இனி மாநகராட்சியின் தாராள மனதைப் பொறுத்த காரியமன்று.

இடமே இல்லாத தெருவில் 1.8 மீட்டருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கோட்டாறு, வடசேரி பகுதிகளின் பழைய தெருக்கள் மாட்டு வண்டிக்கும் கால்நடையாக வந்தவர்களுக்கும் அமைந்தவை. அவற்றை இடித்து அகலப்படுத்தினால் தெருவே இருக்காது. அத்தகைய இடங்களில் நடைபாதையைத் தனியே பிரிப்பதைவிட வேகத்தைக் குறைப்பதே வழி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால் நடப்பவர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கிறார்கள். 50ஐத் தாண்டினால் மரணத்தின் வாய்ப்பு பல மடங்காகிவிடுகிறது. நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் சொல்வது இதனால்தான். ஆனால் பலகை நட்டு வேகத்தைக் குறைத்துவிட முடியாது. தெரு முனையின் வளைவை இறுக்கமாக வைத்தால் திரும்பும் வண்டி தானாகவே மெதுவாகும். பள்ளி வாசலில் சாலையை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தி மேடையாக அமைத்தால் வண்டியும் மெதுவாகும், குழந்தையும் படியிறங்காமல் கடந்து போகும். நாம் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். ‘பேருந்து திரும்ப வசதியாக’ முனைகளைச் செதுக்கி விரிக்கிறோம். நாள் முழுவதும் அந்த வசதியை வேகமாகத் திரும்பும் கார்களும் பைக்குகளும் அனுபவிக்கின்றன.

நடை மேம்பாலம் பற்றி ஒரு சொல். சாலையைக் கடக்க முதியவரைப் படியேற்றி இறக்குவது, தரையில் வாகனம் தடையின்றிப் போவதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு. பெயர்தான் பாதசாரியுடையது.

சைக்கிள் ஓட்டுபவர் என்றவுடன் காலையில் தலைக்கவசம் அணிந்து உடற்பயிற்சிக்குச் செல்பவரை மட்டும் நினைப்பவர்கள் அதிகாரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சாலையில் உரிமை உண்டு. ஆயினும் குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளியும், நாஞ்சில் நாட்டு வயலோரச் சாலைகளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு போகும் விவசாயியும், பத்திரிகை போடும் இளைஞரும் சைக்கிளைத்தான் நம்பியிருக்கிறார்கள். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. அதில் ஏறிப் பத்திரமாகப் பள்ளிக்குப் போவதற்கான சாலையைக் கொடுக்க எந்தத் துறைக்கும் பொறுப்பில்லை. வண்டியை வாங்கிய பெற்றோர், பெரிய சாலையில் பிள்ளையை விடப் பயந்து அதை வீட்டில் நிறுத்திவைப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அகலமான சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும். அது வெறும் வண்ணக் கோடாக இருந்தால் ஒரே வாரத்தில் வாகன நிறுத்தமாகிவிடும், எனவே இடையே தடுப்புத் திட்டு வேண்டும். குறுகிய தெருக்களிலோ தனிப் பாதை தேவையில்லை. வாகனம் மெதுவாகப் போனாலே போதும்.

இந்த இடத்தில் நான் சிலருடைய கருத்திலிருந்து மாறுபடுகிறேன். நடைபாதையை மீட்பது என்றால் முதலில் நடைபாதை வியாபாரிகளை விரட்டுவது என்று பொருள் கொள்ளப்படுகிறது. வடசேரி சந்தைப் பக்கமும் பேருந்து நிறுத்தங்களின் ஓரமும் கடற்கரை ஊர்களிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் பெண்களைப் பாருங்கள். தலையில் அலுமினியச் சட்டி, கையில் தராசு; அவர்களும் நடந்து வருபவர்கள்தாம், அவர்களிடம் வாங்குபவர்களும் நடந்து வருபவர்கள்தாம். இவர்களை அப்புறப்படுத்திய இடத்தில் மறுநாள் கார் நிற்குமானால் நடப்பவருக்கு என்ன லாபம்? 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பை முடித்துச் சான்று வழங்கும்வரை அவர்களை வெளியேற்றக் கூடாது என்கிறது; நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்தக் குழுவைத் திட்டம் வரையும் மேசைக்கு அழைத்தால், நடக்கும் அகலத்தை விட்டுவிட்டு மரநிழலில் கடை போடும் அகலத்தை எங்கே ஒதுக்கலாம் என்று நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். கழிப்பறையும் குடிநீரும் வேண்டும் என்பதையும் சொல்வார்கள். வரைபடங்களில் அவை எப்போதும் விட்டுப்போகின்றன.

வாகனத்தைக் கட்டுப்படுத்தினால் ஊர் ஸ்தம்பித்துவிடும் என்று அஞ்சுபவர்கள் நம் திருவிழாக்களை நினைத்துப் பார்க்க வேண்டும். மார்கழியில் சுசீந்திரத்தில் தேரோடும்போது ரத வீதிகள் முழுக்க மனிதர்களுக்கு உரியவை ஆகின்றன. நாகராஜா கோயில் தைத் திருவிழாவுக்கும் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்கும் காவல்துறை போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறது. பேருந்துகள் வேறு வழியாகப் போகின்றன, ஊர் நின்றுவிடுவதில்லை. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1970கள் முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். மணிமேடையிலிருந்து வேப்பமூடு வரை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை செய்து பார்க்கலாம். கடைக்காரர்களுக்குச் சரக்கு இறக்க விடியற்காலை நேரத்தை ஒதுக்கிவிட்டால் பெரும்பாலான எதிர்ப்பு அடங்கும் என்பது என் எண்ணம்.

அடுத்து சானல்கள் எனப்படும் பாசனக் கால்வாய்களின் கரைகள். பேச்சிப்பாறையிலிருந்து கிளம்பும் கோதையாற்றுப் பாசனத்தின் கால்வாய்களும் குளங்களும் இந்த மாவட்டம் முழுவதும் வலைபோல் ஓடுகின்றன. அனந்தனார் சானல் உட்படப் பலவற்றின் கரைகள் ஊரையும் ஊரையும், ஊரையும் வயலையும் இணைக்கும் ஒற்றையடிப் பாதைகளாக ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. பெருஞ்சாலையைத் தொடாமலேயே ஒரு மாணவி வீட்டிலிருந்து பள்ளிக்குச் சைக்கிளில் செல்லக்கூடிய வழி பல இடங்களில் இந்தக் கரைகளில்தான் இருக்கிறது. கரையை மண்ணிட்டு உறுதிப்படுத்தி, ஓரளவு வெளிச்சமும், சானல் சாலையைக் கடக்கும் இடங்களில் பாதுகாப்பான கடவையும் அமைத்தால் போதும். அலங்கார வேலையாக இரு கரையையும் கான்கிரீட்டால் பூசி, பூச்செடித் தொட்டிகளும் ‘ஐ லவ்’ என்ற ஒளியெழுத்துகளும் வைத்துவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தூர்வாரும் இயந்திரம் இறங்க இடம் வேண்டும்; குளிக்கவும் துவைக்கவும் வருபவர்களுக்குப் படித்துறை வேண்டும்; இரு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் நீர் மண்ணில் இறங்கவும் வேண்டும். கரை நீர்வளத்துறையுடையது, விளக்கு உள்ளாட்சியுடையது, கடவை நெடுஞ்சாலைத்துறையுடையது என்பதால் இது எப்போதும் யாருடைய வேலையும் ஆகாமல் போகிறது. மாவட்ட ஆட்சியர் மூவரையும் ஒன்றாக அமர்த்தினால்தான் நடக்கும்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. கடலுக்கு மேலே மனிதர்கள் நடந்து போவதற்காக இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சிதான். படகுத்துறைக்குச் செல்லும் தரைவழியிலும் அந்தச் சிரத்தையில் ஒரு பங்கைக் காட்டலாம்.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் குறிப்பான காரணம் உண்டு. பல ஆண்டுகளாக நடந்துவரும் நான்குவழிச் சாலைப் பணி முழுமையடையும்போது தொலைதூர லாரிகளும் பேருந்துகளும் அதற்கு மாறும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், சுசீந்திரம் வழியாகச் செல்லும் பழைய சாலைக்குச் சற்று மூச்சு கிடைக்கும். அப்படிக் கிடைக்கும் இடத்தை உடனே பிடித்து வைக்காவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் வாகன நிறுத்தமும் கூடுதல் நெரிசலும் அதை விழுங்கிவிடும். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் வந்தபோதே, கடந்து போகும் வண்டிகள் மேலேறிய பின் கீழே உள்ள கடைத்தெருவை நடப்பவர்களுக்கு ஏற்ப மறுபடி வரைந்திருக்க வேண்டும். பழைய சாலையிலாவது அதைச் செய்யலாம்: முதலில் இரு ஓரமும் 1.8 மீட்டர், அடுத்து மரத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் வியாபாரிக்கும் ஒரு பட்டை, இடம் இருக்கும் பகுதிகளில் சைக்கிளுக்கு ஒரு பட்டை, எஞ்சியது வாகனத்துக்கு.

இதற்கு முதற்படியாக, பழைய சாலையில் இனி எந்தப் பணிக்கும் டெண்டர் விடுமுன், அதன் குறுக்குவெட்டு வரைபடத்தைத் தமிழில், அளவுகளோடு, அந்தந்த வார்டின் பகுதி சபைக் கூட்டத்திலும் கிராம சபையிலும் வைக்க வேண்டும். வரைபடம் புரியாதவர்களுக்காகச் சாலையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டலாம். கான்கிரீட் போடுமுன் சில வாரங்கள் பேரிகார்டுகளையும் மணல் மூட்டைகளையும் வைத்து ஒத்திகை பார்த்தால், பேருந்து திரும்புகிறதா, ஆம்புலன்ஸ் போகிறதா என்பதெல்லாம் அனைவர் கண்முன்னும் தெரிந்துவிடும். மாநகராட்சி, நெடுஞ்சாலைத்துறை, மின்வாரியம், குடிநீர் வடிகால் வாரியம் ஆகியவற்றின் பொறியாளர்கள் ஒத்திகையின்போது நேரில் வந்து நின்று, கம்பத்தை எங்கே நகர்த்துவது, குழாயை எங்கே பதிப்பது என்று அங்கேயே முடிவெடுத்துக் குறிப்பில் கையெழுத்திட்டால், போட்ட நடைபாதையை மூன்றாம் மாதம் தோண்டும் வேலையாவது மிச்சமாகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாகர்கோவில்.