ஞாயிறு மாலை ஆவணப்படம்

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு, காட்பாடியில் வழக்கமாகக் கூடும் மாடியில், ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' பார்க்கிறோம். 2022இல் சன்டான்ஸ், கான் இரண்டு விழாக்களிலும் பரிசு வாங்கிய படம். டெல்லியில் மாஞ்சா நூல் பட்டுச் சிறகு அறுந்து விழும் பருந்துகளுக்கு, வீட்டின் அடித்தளத்தில் வைத்து அண்ணன் தம்பி இருவர் வைத்தியம் பார்க்கிறார்கள். உதவிக்கு இருக்கும் பையனின் மூக்குக்கண்ணாடியை ஒரு பருந்து பறித்துக்கொண்டு போகும் இடம் ஒன்று வரும், தவறவிடாதீர்கள்!

நம்ம வேலூர் தியேட்டர்களுக்கு ஆவணப்படம் வருவதே அபூர்வம். ஓடிடியிலும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் சேர்ந்து பார்க்கலாம் என்கிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். வசனம் இந்தி, முக்கியமான இடங்களில் தமிழில் சொல்லிவிடுகிறேன். வருபவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே ஒரு வரி போடுங்கள், பாய் எடுத்து வைக்க வேண்டும்.